ஸ்பேருக்கு ஸ்பேர் கிடையாது

பஸ் டிப்போவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்பேரக்கா. பெயரைக் கேட்டுவிட்டு யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். மற்ற டிரைவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தடம் உண்டு. அந்தத் தடத்திலேயே போய், அந்தத் தடத்திலேயே வந்து, கடைசியில் அதிலேயே ஓய்வும் பெற்று வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். இவளுக்குத் தடம் கிடையாது. எவனுக்குக் காய்ச்சலோ, எவன் வீட்டில் குழாய் உடைந்ததோ, எவன் மச்சினிக்குப் பிரசவமோ, அன்றைக்கு அவன் வண்டி இவளுடையது. காலையில் டிப்போவுக்குள் நுழைந்ததும் டைம் கீப்பரின் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், இன்னிக்கு நான் யாரு?" என்று கேட்பாள். அவர் ஒரு தடத்தின் எண்ணைச் சொல்வார். அன்றைக்கு அவள் அந்த ஆள்.

இருக்கைகூட அவளுக்குச் சொந்தமில்லை. ஒவ்வொரு டிரைவரும் தன் உடம்புக்கு ஏற்றபடி இருக்கையைக் குழியாக்கி வைத்திருப்பான். அதனால் எந்த வண்டியில் ஏறினாலும் தன் குஷனைக் கையோடு கொண்டுபோவாள். பச்சையில் மஞ்சள் பூப்போட்ட உறை. அதைத் தைத்துக் கொடுத்தவள் அவளுடைய நாத்தனார். கொடுக்கும்போதே, "எந்த எடத்துலயும் உங்களுக்கு நிலையா ஒரு சீட்டு கிடையாது, இதாவது இருக்கட்டும் அண்ணி" என்று ஒரு குத்தலையும் சேர்த்தே தைத்தாள். அது அவள் வழக்கம். அந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, முதலில் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பாட்டு அந்த வீட்டுக்குள் வந்தது மகளால். மகள் ஒரு கீபோர்டு கேட்டு அழுது வாங்கி, நாலு நாள் தட்டிவிட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, படிக்க வெளியூர் போய்விட்டாள். ஒருநாள் வீடு பெருக்கும்போது விளக்குமாறு அதன்மேல் பட்டு ஒரு சத்தம் வந்தது. ஸ்பேரக்கா குனிந்து பார்த்தாள். தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தாள். பெருக்கியது பாதி வீடுதான், மீதி வீடு அன்றைக்குப் பெருக்கப்படவில்லை.

கீபோர்டோடு வந்த புத்தகத்தில் இசையின் இலக்கணமும் கொஞ்சம் இருந்தது. மகள் அந்தப் பக்கங்களைத் திறந்த அடையாளமே இல்லை. ஸ்பேரக்காவுக்கும் முதலில் அது கல்லில் நார் உரிக்கிற வேலையாகத்தான் இருந்தது. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினால் எத்தனை கறுப்புக் கட்டை அமுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். படித்தாள், மறந்தாள், மறுபடி படித்தாள். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பியபோது கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் வரைந்திருந்தது. உச்சியில் சி என்ற சுரம். வலப்பக்கம் போனால் ஜி, டி, ஏ, இ என்று வரிசையாக. அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டே சொன்னாள்:

"அட, சுற்றுப் பஸ்!"

அவள் ஓட்டாத தடமா? ஊரைச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பும் வண்டி. வலப்பக்கமாகக் கிளம்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷார்ப் என்று ஒரு கறுப்புக் கட்டை ஏறுகிறது. ஏறியவர் இறங்குவதே இல்லை. இடப்பக்கமாகக் கிளம்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு ஃப்ளாட். இரண்டு பக்கத்து வண்டிகளும் கூட்டம் பிதுங்க எதிரும் புதிருமாக வந்து, அடியில் ஒரே நிறுத்தத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒரே சத்தத்துக்கு இரண்டு பெயர். போர்டில் ஒரு பெயர் எழுதியிருக்கும், டிரைவர்கள் வேறு பெயர் சொல்வார்கள், இறங்குகிற இடம் ஒன்றுதான். எத்தனை வருஷமாக அப்படிப்பட்ட நிறுத்தங்களில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள்!

அன்று மாலை கணவன் கடையிலிருந்து வந்ததும் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கண்ணாடி வெட்டுகிறவன். அவசரப்பட்டால் கை போய்விடும் தொழில், அதனால் பேச்சிலும் நிதானம். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, டிக்கெட் யாரு குடுக்கிறது?" என்றான்.

"போங்க, உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க."

சிரித்தான். ஆனால் மறுநாள் கடையிலிருந்து வரும்போது ஒரு வட்டக் கண்ணாடி கொண்டுவந்தான். அதில் பன்னிரண்டு நிறுத்தங்களையும் அவள் பெயின்டால் எழுதி, சமையலறைச் சுவரில் மாட்டினாள். தலை வாருகிறவர்கள் எல்லாருடைய முகத்திலும் கொஞ்ச நாளைக்கு ஷார்ப்பும் ஃப்ளாட்டும் தெரிந்துகொண்டிருந்தன.

சுற்றுப் பஸ் பிடிபட்டதும் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிப்போ மெக்கானிக்கிடம் சும்மா கிடந்த கித்தார் வீட்டுக்கு வந்தது. அதில் விரல் தேய்வதற்குள் ஒரு வயலின் வந்தது. பிறகு, கணவன் கண்ணாடி மாட்டப் போன ஒரு வீட்டில் கிளாரினெட் ஒன்றைத் தூக்கிப் போட வைத்திருந்தார்கள். "எங்க வீட்ல ஒரு ஆளுக்கு ஆகும்" என்று அவன் அதைக் கேட்டு வாங்கிவந்தான். சிக்னலில் வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போடுவதை வேறு கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதைக் கையில் எடுத்தாலும் சுமாராக வாசித்தாள். எதிலும் அசத்தவில்லை, எதிலும் அசிங்கப்படவும் இல்லை. டிப்போவிலும் அவள் ஓட்டம் அப்படித்தான். எந்தத் தடத்திலும் அவள் முதல் டிரைவர் இல்லை, எந்தத் தடத்திலும் வண்டி வழிதவறியதும் இல்லை.

இதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. அவள் கீழ்வீட்டில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். நல்ல கைகாரி, வாய் அதைவிட நீளம். மேலே இருந்து ஒரே மாலையில் வயலின், கித்தார், கிளாரினெட் என்று மூன்றும் கேட்டால், கத்தரிக்கோலோடு படியேறி வந்துவிடுவாள்.

"அண்ணி, இந்த நுனிப்புல் மேயுற வேலையை எப்ப விடப்போறீங்க?"

"மேயுறதுல உனக்கென்ன நஷ்டம்?"

"எனக்கென்ன. நான் ஒரே கத்தரிக்கோலை வெச்சு இத்தனை வருஷம் நிக்கிறேன். நீங்க எதுலயாவது ஒண்ணுல நின்னிருக்கீங்களா? வேலையிலயும் நிலையா ஒரு தடம் கிடையாது, பாட்டுலயும் கிடையாது. ஒரு எடத்துல நிக்கிற ஆளே கிடையாது நீங்க."

சொல்லிவிட்டு, ஆறிப்போவதற்குள் இரண்டு வாய் டீயும் குடித்துவிட்டுத்தான் இறங்குவாள். கெட்டவள் இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஓடிவருகிறவளும் அவள்தான். ஆனால் அந்த வார்த்தை ஸ்பேரக்காவின் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. டிப்போவில் ஸ்பேர் என்றால் சிரித்துக்கொள்கிறவளுக்கு, பாட்டிலும் நீ ஸ்பேர்தான் என்று சொன்னது வலித்தது. அவளுக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. இது உன் இடம், நீ வராவிட்டால் காலியாகக் கிடக்கும் என்று சொல்லும்படி ஒரே ஒரு நாற்காலி.

தபால் ஆபீஸ் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓர் இசைக்குழு கூடியது. யாருக்கும் அது தொழில் இல்லை. கணக்கு வாத்தியார் பியானோ வாசித்தார், ரொட்டிக்கடைக்காரர் பெரிய பாஸ் வாசித்தார். பாஸ் என்றால் வயலினுக்குப் பெரியப்பா. ஆள் உயரத்துக்கு இருக்கும், நின்றுகொண்டு அணைத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். குழுவை நடத்தியவர் மருந்துக்கடைக்காரர். கையில் தாளம் காட்டும் குச்சியோடு நின்றாலும் அவருக்குக் கடைப் பேச்சு போகாது.

ஸ்பேரக்கா கிளாரினெட்டோடு போனாள். அங்கே கிளாரினெட்டுக்கு ஓர் ஆள் குறைந்திருந்தது. சுரம் எழுதிய தாளை முன்னால் வைத்தார்கள். ஒரு பிழையில்லாமல், ஒரு சுரம் விடாமல், பார்த்ததும் வாசித்தாள். வாசிக்க வாசிக்கச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். தன் வாசிப்பில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து அவள் இன்னும் சத்தமாக வாசித்தாள்.

மருந்துக்கடைக்காரர் குச்சியைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க எங்க எல்லாரையும்விட ஒரு படி மேல இருக்கீங்க."

ஸ்பேரக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார். ஏதோ நானாக் கத்துக்கிட்டேன்."

மாடியே அதிரச் சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாஸ் சரிந்து கணக்கு வாத்தியார் தோளில் சாய்ந்தது.

விஷயம் இதுதான். கிளாரினெட்காரர்கள் சி என்று சொல்லி ஊதினால், கீபோர்டில் அதற்கு ஒரு படி கீழே இருக்கிற சத்தம்தான் கேட்கும். அந்த வாத்தியத்தின் பிறவிக் குணம் அப்படி. அதனால் கிளாரினெட்டுக்கான தாளில் எல்லாச் சுரத்தையும் ஒரு படி ஏற்றி எழுதியிருப்பார்கள். ஊதும்போது தானாக இறங்கிச் சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளும். ஸ்பேரக்காவோ வீட்டில் கீபோர்டைத் தட்டித் தட்டி, அதே சத்தம் வரும்வரை துளைகளை மூடித் திறந்து கற்றவள். அவளுடைய சி உண்மையான சி. ஏற்றி எழுதியதை ஏற்றியபடியே ஊதினாள். வாத்தியாரிடம் போய்க் கற்றவர் யாருக்கும் இந்தத் தப்பு வராது. கிளாரினெட் மட்டும் கற்றவருக்கும் வராது. இரண்டு மூன்று வாத்தியத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தானே தட்டுத்தடுமாறுகிற ஆளுக்கு மட்டுமே வரும்.

மருந்துக்கடைக்காரர் இதை விளக்கியபோது அவள் அசடு வழிந்தாள். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். பஸ்ஸில் வீடு திரும்பும்போதே, எழுதியிருப்பதை ஒரு படி கீழே மாற்றிப் படிக்க மனசுக்குள் பழக ஆரம்பித்துவிட்டாள். கடைப் பலகைகளில் இருந்த ஏ-யை எல்லாம் ஜி என்று படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் "ஒரு படி மேல வந்தாச்சு" என்று வரவேற்றார்கள். அவளும் சிரித்தாள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வேற என்னென்ன வாசிப்பீங்க?"

சொன்னாள்.

"இத பாருங்கம்மா. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சாப்பிட இது மாத்திரை இல்ல. ஒண்ணைச் சொல்லுங்க, அதுல இருங்க. மேடையில ஒருத்தருக்கு ஒரு நாற்காலி. எது வேணும்?"

இரண்டாம் வயலின் வரிசையில் ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. ஓரம் என்றால் சபைக்கு நேராகத் தெரியும் இடம். அதைக் கண்ணால் அளந்துவிட்டு, "வயலின்" என்றாள்.

அன்றிலிருந்து கித்தாரை உறைக்குள் போட்டாள், கிளாரினெட்டைப் பரணில் ஏற்றினாள். கீழ்வீட்டிலிருந்து நாத்தனார், "என்ன அண்ணி, ஒரு சத்தம்தான் வருது, மத்ததெல்லாம் செத்துப்போச்சா?" என்று குரல் கொடுத்தாள். "கச்சேரிக்கு வந்து பாரு. என் நாற்காலியில நான் உட்கார்ந்திருப்பேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்" என்று இவள் ஜன்னல் வழியே பதில் கொடுத்தாள். தெருவே கேட்டது.

நடுவில் ரொட்டிக்கடைக்காரர் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு சில வாரம் வரவில்லை. பாஸ் மூலையில் சாய்ந்து கிடந்தது. அது இல்லாமல் பாட்டு அஸ்திவாரம் இல்லாத சுவராக ஆடியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஸ்பேரக்கா, "சார், ஒத்திகைக்கு மட்டும் நான் பிடிக்கட்டுமா?" என்றாள்.

"பிடிக்கத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் தந்திகளைத் தட்டிப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வயலினின் நாலு தந்தி ஜி, டி, ஏ, இ. பாஸில் இ, ஏ, டி, ஜி. அதே நாலு நிறுத்தம்தான், வண்டி மட்டும் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது! போதாததற்குக் கித்தாரின் தடித்த தந்திகள் நாலும் இதே வரிசை. போன தடம், வந்த தடம் இரண்டும் அவளுக்குத் தெரிந்த தடம். அந்த வாரங்கள் முழுக்கப் பாஸ் அவள் கையில் இருந்தது. தோள் வலித்தது, விரல் கொப்பளித்தது, சந்தோஷத்துக்கு மட்டும் குறைவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கை ஆறித் திரும்பியதும் பாஸை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் வயலினோடு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

கச்சேரி நூலக மண்டபத்தில் என்று முடிவானது. ஸ்பேரக்கா டைம் கீப்பரின் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"சார், ஒரு நாள் லீவு வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாருக்கும் லீவு குடுத்தா நீங்க ஓட்டுவீங்க. உங்களுக்கு லீவு குடுத்தா யாரும்மா ஓட்டுவா? ஸ்பேருக்கு ஸ்பேர் கிடையாதும்மா."

"ஒரு சாயங்காலம் சார். அன்னிக்குப் பாத்து எவனுக்கும் காய்ச்சல் வந்துடாது."

அரைமனசோடு கொடுத்தார். ஸ்பேருக்கு ஸ்பேர் கிடையாது என்று அவர் சொன்னதை ஒத்திகையில், மருந்துக்கடைக்காரர் வருவதற்கு முன், அபிநயத்தோடு சொல்லிக் காட்டினாள். ரொட்டிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அவருக்குத் தெரியாது, பாவம்.

கச்சேரி அன்று மண்டபத்துக்கு முதலில் வந்தவள் அவள்தான். மேடையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலியின்மேல் தன் குஷனைக் கொண்டுபோய் வைத்தாள். மேடைக்கு அந்தப் பூப்போட்ட உறை கொஞ்சமும் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் என்ன, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாருடைய இடம் என்று தெரிந்தால் போதும். கீழே இறங்கி, கடைசி வரிசைவரை போய், அங்கிருந்தும் ஒரு தடவை பார்த்தாள். பளிச்சென்று தெரிந்தது. கணவன் வந்தான், நாத்தனார் தன் கடைக்கு வருகிற பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, மேடையைக் காட்டி அவர்களிடம் என்னவோ சொன்னாள். அந்த உறையைத் தைத்தது தான்தான் என்று சொல்லியிருப்பாள்.

மேடைக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போனை இறக்கியபோது முகம் வெளிறியிருந்தது.

"ரொட்டிக்கடைக்காரர் இன்னும் பஸ் ஸ்டாப்லயே நிக்கிறாரு. வண்டி வரலையாம். கேட்டா, அந்தத் தடத்து டிரைவருக்கு மத்தியானம் திடீர்னு காய்ச்சலாம். சரி, அதுக்குத்தானே ஸ்பேர்னு ஒருத்தரை வெச்சிருக்காங்க? அந்த ஆளு இன்னிக்குப் பாத்து லீவாம்! பொறுப்பே இல்லாத ஜனங்க."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஸ்பேரக்கா வயலின் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சார், அந்தப் பொறுப்பில்லாத ஆள் நான்தான்."

கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் குழம்பிப்போய் அவளையே பார்த்தார்.

"வேற வண்டி பிடிச்சு வரச் சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக.

"அந்தப் பேட்டைக்கு வாடகை வண்டி சீக்கிரம் வராது சார். அடுத்த தடத்துல ஏறினா ரெண்டு எடத்துல மாறணும். முதல் பாட்டு முடிஞ்சாலும் வந்து சேர மாட்டாரு." அதை அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

முதல் பாட்டு பாஸில்தான் தொடங்கும். மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க, பாஸ் மட்டும் தனியாக நடந்து வரும். அந்தத் தொடக்கத்துக்காகவே மருந்துக்கடைக்காரர் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். பாஸ் அதோ மூலையில் இருக்கிறது. ஆள்தான் இல்லை. இரண்டாம் வயலினில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் குறைந்தால் சபையின் காதுக்குத் தெரியாது. இந்தக் கணக்கு அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கேட்க மாட்டேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "அந்த நாற்காலிக்கு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒண்ணுல இருங்கன்னு சொன்னவனே நான்தான்."

திரையின் இடுக்கு வழியாக அவள் மேடையைப் பார்த்தாள். பச்சை உறை, மஞ்சள் பூ. இரண்டாம் வரிசையில் நாத்தனார் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சாயங்காலம். அதைக்கூட முழுசாக உட்கார்ந்து அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. காய்ச்சல்காரன்மேல் கோபம் வந்தது, ரொட்டிக்கடை ஏன் ஊர்க்கோடியில் இருக்கிறது என்று கோபம் வந்தது. போகட்டும், பாஸ் இல்லாமலே சமாளிக்கட்டும், எனக்கென்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்தபோதே அவள் காது அந்தப் பாட்டைப் பாஸ் இல்லாமல் கேட்டுவிட்டது. தொடக்கத்தில் வெறும் மௌனம், அதன்மேல் வந்து விழுகிற வயலின்கள். சகிக்கவில்லை.

வயலினைக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினாள். "சார், என் நாற்காலியில வெச்சுடுங்க." மூலைக்குப் போய்ப் பாஸின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "சொல்லுங்க சார், இன்னிக்கு நான் யாரு?" என்றாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எழுதினதை மட்டும் வாசிங்கம்மா, ஒரு படி மேல போயிடாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தபடியே மேடைக்குப் போனார்கள்.

பின்வரிசையின் இருட்டில், எல்லாருக்கும் பின்னால் அவள் நின்றாள். குச்சி உயர்ந்தது. சபை அடங்கியது. அவள் முதல் தந்தியை இழுத்தாள். அந்தச் சத்தம் மரத்தின் வழியாக அவள் வயிற்றுக்குள்ளும், மேடைப் பலகை வழியாக எல்லார் காலுக்குள்ளும் இறங்கியது. வண்டி கிளம்பிவிட்டது. இரண்டாவது நிறுத்தம், மூன்றாவது நிறுத்தம். நாலாவதில் வயலின்கள் ஏறிக்கொண்டன, பிறகு பியானோ, பிறகு எல்லாரும். எரிந்த வயிறு எப்போது அடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் காலடியை நம்பி அத்தனை பேரும் நடந்துகொண்டிருந்தார்கள், அவள் யாரையும் கைவிடவில்லை.

முதல் பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக ரொட்டிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து, மூச்சு இரைத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேரக்கா பாஸைக் காட்டி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தாள். அவர் நடுங்குகிற கையைத் தூக்கிக் காட்டி, நீங்களே நடத்துங்கள் என்று கும்பிட்டார். மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே குச்சியைத் தூக்கிவிட்டார். உட்காருங்கள் என்று கண்ணால் அதட்டினார். மேடையில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

ரொட்டிக்கடைக்காரர் அதில் போய் உட்கார்ந்தார். கடைசிவரை அங்கிருந்து அசையவில்லை. வயலின் பிடிக்கத் தெரியாத அந்தப் பெரிய மனிதர், அவள் வயலினைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருப்பது போலப் பயந்து பயந்து வைத்துக்கொண்டு, பூப்போட்ட குஷன்மேல், சபைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வில்லை இழுக்கும்போது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே கூச்சல். ரொட்டிக்கடைக்காரர் வயலினைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஸ்பேருக்கு ஸ்பேர் கிடையாதுன்னு சொன்ன அந்த மனுஷனைக் கூட்டிட்டு வாங்க. நான் யாருன்னு கேக்கறேன்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த கச்சேரிக்கு உங்களுக்கு எந்த நாற்காலி போடட்டும்? ரெண்டாம் வயலினா, பாஸ் பக்கத்துலயா?"

"போட வேண்டாம் சார். யாரு வரலையோ அவங்க நாற்காலியில உட்கார்ந்துக்கிறேன்."

"எல்லாரும் வந்துட்டா?"

"ஸ்பேருக்கு அதைவிட நல்ல நாள் ஏது சார்? கீழ உட்கார்ந்து நல்லாக் கேப்பேன்." மனசில் பட்டதைத்தான் சொன்னாள். மாலையில் எரிந்த வயிற்றை இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. "கிளாரினெட்டைப் பரண்லேர்ந்து இறக்கிடலாமில்ல?"

"இறக்குங்கம்மா. உங்களுக்கு நான் எழுதிக் குடுத்த மருந்து தப்பு."

அப்போது நாத்தனார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் குஷன். மேடை ஏறி நாற்காலியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உறைமேல் ரொட்டிக்கடை மாவு ஒட்டியிருந்தது; அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே நின்றாள். வழக்கமாக வாய் திறக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

"என்னடி, கேளு. நாற்காலியில உட்காருவேன்னு சொன்னீங்களேன்னு கேளு" என்றாள் ஸ்பேரக்கா.

"அதைக் கேக்க வரல அண்ணி."

"பின்னே?"

"ஒரு எடத்துல நிக்கிற ஆளே இல்லன்னு உங்களைச் சொன்னேன்ல." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "எல்லாரும் உட்கார்ந்து வாசிச்சாங்க. முழுக் கச்சேரிக்கும் ஒரே எடத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான்."

பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. நாத்தனார் அதைக் காலால் இழுத்து, அதன்மேல் குஷனைப் போட்டு, ஒரு தட்டு தட்டினாள்.

"இப்பவாவது உட்காருங்க. கால் வலிக்கும்."